வீட்டு மிளகாய்த்தூள் தொழில்: செலவும் வரியும்

தோட்டத்தில் விளைந்த மிளகாயைச் செத்தலாக வியாபாரிக்குக் கொடாது, வீட்டிலேயே தூளாக்கிப் பொதிசெய்து விற்கக் கமக்காரர் பலர் விரும்புகின்றனர். விருப்பம் நன்றே. ஆயின், கையிற் பணம் புரள்வதைக் கண்டு அது முழுவதும் இலாபமென மயங்கிப் பின்னர் தொழிலைக் கைவிடுவோரும் உளர். அம்மயக்கம் எங்ஙனம் உண்டாகின்றதென்பதை ஒரு கணக்கினாற் காட்டுவாம். இதில் வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்காக இடப்பட்டவை. வாசகர் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

ஒரு கமக்காரர் 10 கிலோ செத்தல் மிளகாயை எடுத்துக் காம்பு நீக்கி, மீண்டும் வெயிலில் உலர்த்தி, ஆலையில் அரைப்பிக்கின்றார். 9 கிலோ தூள் கிடைக்கின்றது. அதனை 100 கிராம் கொண்ட 90 பொதிகளாக்கிப் பொதி 130 ரூபாவாக விற்க, 11,700 ரூபா வருகின்றது. அரைகூலி 600, பையும் சுட்டுத்துண்டும் 720, பேருந்துக் கட்டணம் 300, ஆகச் செலவு 1,620 ரூபா. மிகுதி 10,080 ரூபாவும் இலாபமென அவர் மகிழ்கின்றார்.

மிளகாயின் விலை எங்கே? “அது எம் தோட்டத்து மிளகாய்தானே” என்பார். அதே மிளகாயைச் சந்தையிற் கிலோ 900 ரூபாவாக விற்றிருப்பின் 9,000 ரூபா பெற்றிருப்பார். ஆகவே, தூளாக்கியதால் மிஞ்சியது 1,080 ரூபா மட்டுமே. அன்றியும், காம்பு நீக்குதல், உலர்த்துதல், நிறுத்தல், ஒட்டுதல் ஆகியவற்றுக்கு வீட்டுப் பெண்கள் செலவிட்ட நேரம் ஒன்றரை ஆள்நாளாகும். நாட்கூலி 1,500 ரூபாவெனின் அது 2,250 ரூபா. ஈற்றில் 1,170 ரூபா நட்டம்! பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாது விடுதலே நம் வீடுகளிற் பெரும் பிழையென்பது எமது கருத்து.

மொத்தச் செலவு 12,870 ரூபாவை 90 ஆற் பிரித்தால் ஒரு பொதியின் அடக்கவிலை 143 ரூபாவாகும். நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு கேட்கும் கடைக்காரருக்குக் கொடுப்பதாயின் 160 ரூபாவுக்குக் குறைத்து விற்றல் ஆகாது. அதன்மேலேயே இலாபம். பொதி ஒட்டும் பொறியை 6,000 ரூபாவுக்கு வாங்கினால், அது மூன்றாண்டு பயன்படுமெனக் கொண்டு மாதந்தோறும் 167 ரூபாவைச் செலவிற் சேர்க்க. வீட்டுச் சமையலுக்கு எடுத்த பொதியையும், உறவினருக்குக் கொடுத்ததையும், கடனாகப் போனதையும் அன்றன்றே கொப்பியிற் பதிக.

இனி அரசிறைகளைப் பார்ப்போம். தம் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் தொழில் நடாத்துவோர் அப்பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிவுசெய்தல் வேண்டும். உணவுப்பொருள் தயாரிப்புக்கான உரிமம் பற்றிப் பிரதேச சபையிலும், இடத்தின் சுத்தம் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே கேட்டறிக. சபையின் கட்டணம் இடத்தின் ஆண்டுப் பெறுமதியை ஒட்டி அமையும். உரிமம் டிசெம்பர் 31 உடன் முடிவுறுமாதலின், ஆண்டிறுதியில் தொடங்குவோர் சற்றுப் பொறுத்தல் சிக்கனம்.

வருமான வரியென்றவுடன் அஞ்சுவோர் பலர். விற்ற தொகை முழுவதற்கும் வரியில்லை. செலவு போக மிஞ்சும் இலாபத்தையே கணக்கிலெடுப்பர். 2025 ஏப்பிரல் 1 இல் தொடங்கிய வரி மதிப்பாண்டு முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்நிவாரணத்துக்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு வரி நூற்றுக்கு 6 வீதம். 20 இலட்சம் ரூபாவுக்குத் தூள் விற்று, 14 இலட்சத்தைச் செலவிட்டவரின் தொழில் இலாபம் 6 இலட்சமே. அவருக்கு வேறு வருமானம் இல்லையெனின் வரியில்லை. சம்பளம், வாடகை முதலியன இருப்பின் அவற்றையும் கூட்டியே பார்த்தல் வேண்டும். அவ்வாறு கூட்டியது 20 இலட்சமாயின், மேற்பட்ட 2 இலட்சத்துக்கு 12,000 ரூபா வரி. வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற்றமையாலேயே ஒருவர் வரி செலுத்தக் கடமைப்பட்டவராகார் என்பதையும் அறிக.

ஈண்டு ஒரு வேறுபாடு உண்டு. விலை வகுக்கும்போது நாம் எழுதிய சொந்த உழைப்பின் பெறுமதியை வருமான வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க இயலாது. அயலவருக்கு உண்மையிற் கொடுத்த கூலியைக் கழிக்கலாம். அதற்குக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வேண்டும். ஆலைச் சிட்டையும் பை வாங்கிய சிட்டையும் அவ்வாறே. சிட்டையை அடுப்பிலிட்டவர் தம் செலவை நிறுவ இயலாது, இல்லாத இலாபத்துக்கு வரி கொடுக்க நேரிடலாம். பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்யாத சிறு தொழிலாளர், தாம் வாங்கும் பொருளின் விலையில் அடங்கிய அவ்வரியை மீளப்பெற முடியாது. ஆகவே, சிட்டையிலுள்ள முழுத்தொகையையும் செலவாக எழுதுக.

கொப்பியில் வரவு, செலவு, வீட்டுக்கு எடுத்தது, கடன் என நான்கு நிரல்கள் போதும். சிட்டைகளை மாதவாரியாக ஒரு கம்பியிற் கோத்து வைக்க. தொழிற் பணத்தை வீட்டுச் செலவுப் பணத்துடன் ஒரே பெட்டியில் இடாது, சிறிய தகரப்பெட்டியாயினும் தனியே ஒன்று வைத்துக்கொள்க.