நீட் கோச்சிங்: ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஐடிஆர் போட வந்த ஒரு கிளையன்ட் பேச்சுவாக்கில் சொன்னார்: "சார், பொண்ணு நீட் கோச்சிங்கை மூணே மாசத்துல விட்டுட்டா. ஆனா இஎம்ஐ மட்டும் போயிட்டே இருக்கு."

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். "வட்டியில்லா தவணை"ன்னு சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கியது பர்சனல் லோன். கடன் கொடுத்த கம்பெனி முழு ஃபீஸையும் கோச்சிங் சென்டருக்கு முதலிலேயே கொடுத்துவிட்டது. இனி பொண்ணு வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் கடன் அப்பாவுடையது. நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

அதுக்காக கோச்சிங்கே வேஸ்ட்னு சொல்ல வரலை. அங்கே விற்பது மூன்று விஷயம்: பாடம், டெஸ்ட், டைம்டேபிள். உங்க பிள்ளைக்கு இதில் எது தேவைன்னு தெரியாமலே மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுறோம். ஃபீஸ் 1,20,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 1,41,600. ஹாஸ்டல் மாசம் 10,000 என்றால் 11 மாசத்துக்கு 1,10,000. மொத்தம் 2,51,600.

இதைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு, 2025 நீட் வினாத்தாளை பிள்ளையிடம் கொடுங்க. தமிழ் மீடியம்னா தமிழ்த் தாள். 180 கேள்வி, 3 மணி நேரம், ஃபோன் உங்ககிட்ட. சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1.

மொத்த மார்க்கைப் பார்த்துத் திட்டாதீங்க. பாடவாரியாப் பிரிச்சுப் பாருங்க. 720-ல் 360 உயிரியல். அதில் போன மார்க் பெரும்பாலும் என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாப் படிக்காததால் போனது. அதை வீட்டிலேயே படிக்கலாம். இயற்பியல் வேற கதை. ஃபார்முலா தெரிந்தும் கணக்கு வரலைன்னா சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷன் போதுமான்னு பாருங்க. (2025 இயற்பியல் ரொம்பக் கஷ்டம். மார்க் குறைந்தால் பயப்பட வேண்டாம்.)

அடுத்த ரெண்டு வாரம் பிள்ளையே போட்ட டைம்டேபிளில் படிக்கட்டும். நீங்க ஞாபகப்படுத்தவே கூடாது. அது நடந்தால் டெஸ்ட் சீரிஸ் மட்டும் வாங்கினால் போதும். நடக்கலைன்னா டைம்டேபிளுக்காகவே கோச்சிங் தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே சிஏ இன்டர் கோச்சிங் போய்த்தான் முடிச்சேன், ஃபைனல் மட்டும்தான் சொந்தமாப் படிச்சது.

சேர்ப்பதாக இருந்தால் டேர்ம் டேர்மாகக் கட்டுங்க. நடுவில் நின்றால் மீதிக் காலத்துக்கான ஃபீஸை 10 நாளில் திருப்பித் தரணும்னு மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்லுது. ஆனா அது வழிகாட்டுதல்தான், கேஷ் கவுன்டரில் யாரும் தானா முன்வந்து சொல்ல மாட்டாங்க. பணம் கட்டும் முன் ரீஃபண்ட் விதியை எழுத்தில் வாங்கிக்கோங்க.

எல்லாரும் கேட்கிற இன்னொண்ணு: கோச்சிங் ஃபீஸுக்கு 80சி கிடைக்காது. அது முழுநேரப் பள்ளி, கல்லூரி டியூஷன் ஃபீஸுக்கு மட்டும். அந்த பர்சனல் லோனுக்கு 80இ-யும் கிடையாது.

அந்தப் பொண்ணு இப்ப வீட்டிலதான் படிக்கிறா. இயற்பியலுக்கு மட்டும் பக்கத்துத் தெருவில் ரிட்டயர்டான வாத்தியார் ஒருத்தர். அப்பாவுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.