மரவேலைக்குச் சிறிய சி.என்.சி. ரௌட்டர்: தொடங்குவது எப்படி?



நம் லேபில் இருக்கும் சி.என்.சி. இரும்பு வெட்டுவதற்கு. அதே வித்தையை மரத்தில், வீட்டுத் திண்ணையில் செய்ய முடியுமா? முடியும் என்பதே என் பதில். மணவூரில் தச்சு வேலை செய்யும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது கதவின் பூவேலையை வெளியூர் மெஷின் பட்டறையில் கொடுத்து வாங்குகிறார்கள். அறுப்பதும் இழைப்பதும்தான் அப்பாவுக்கு மிச்சம். நல்ல கூலி ரயிலேறிப் போய்விடுகிறது. அந்த வேலையை ஊரிலேயே நிறுத்தத்தான் நானும் மூன்று நண்பர்களும் பங்கு போட்டு ஒரு சிறிய ரௌட்டர் வாங்கினோம். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வந்த வழி

எண்களால் இயந்திரத்தை ஓட்டும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1952-ல் செய்து காட்டினார்கள். துளையிட்ட காகித நாடாதான் அன்று புரோகிராம். 2005-ல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற சின்ன போர்டு வந்தது. 2009-ல் அதில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள் வந்தது. ஒரு பெரிய கூடத்தை அடைத்திருந்த வித்தை நம் மேஜைக்கு வந்த கதை இதுதான்.

எதை வாங்குவது?

தொடக்கத்துக்கு 3018 வகை போதும். 300 × 180 மி.மீ. பரப்பில் வெட்டும். முழுக் கதவு இதில் ஆகாது. பூஜையறைக் கதவின் சிறு பலகைகள், பெயர்ப்பலகை, கோலப் பலகை ஆகும்.

இதன் பிட்டுக்குத் தண்டு 3.175 மி.மீ. இது என்ன கணக்கு என்று விழிக்க வேண்டாம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நம் ஆசாரிகள் பாஷையில் ஒரு நூல்!

முதலில் பேனா, பிறகுதான் பிட்

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. திருகு ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்ந்தால், 1600 ÷ 2 = 800. அதாவது 1 மி.மீ. நகர 800 துடிப்பு. உங்கள் திருகு 8 மி.மீ. நகர்வது என்றால் 200தான் வரும். அளந்து பார்த்துப் போடுங்கள்.

அடுத்து, ஸ்பிண்டிலை ஓட்டாமல் அதில் ஒரு பேனாவைக் கட்டி 100 மி.மீ. சதுரம் வரையச் சொல்லுங்கள். கோடு 99 மி.மீ. வந்தால் 800 × 100 ÷ 99, சுமார் 808 என்று மாற்றுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் 141.4 மி.மீ. வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் மூலைமட்டத்தில் இல்லை. போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்த பிறகே மரம்.

லேபில் படித்த ஜி0, ஜி1, ஜி2, ஜி3 எல்லாம் இதில் ஓடும். ஆனால் ஜி81 போன்ற கேன்ட் சைக்கிள் ஓடாது. ஜி41, ஜி42-ம் இல்லை. பிட்டின் பாதி அகலத்தை நாமே தள்ளிக் கணக்கிட வேண்டும், அல்லது அதற்கான மென்பொருளிடம் விட வேண்டும்.

வெட்டும் கணக்கு

ஃபீட் = சுழற்சி × பிட்டின் வெட்டு முனைகள் × ஒரு முனை எடுக்கும் சீவல். 10,000 சுழற்சி, ஒரு முனை, 0.05 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 500 மி.மீ. ஆழம் ஒரு தடவைக்கு அரை மி.மீ.யில் ஆரம்பியுங்கள். கருகின வாசனை வந்தால் பிட் வெட்டவில்லை, உரசுகிறது என்று பொருள். பயந்துபோய் ஃபீடைக் குறைத்தால் இன்னும் கருகும். ஃபீடைக் கூட்டுங்கள், இல்லையென்றால் சுழற்சியைக் குறையுங்கள். மழுங்கின பிட்டானால் மாற்றுங்கள்.

கரண்ட் போனால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஆகவே பலகையின் ஓரத்தில் ஜீரோ புள்ளியைப் பென்சிலால் கூட்டல் குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊருக்கு இது ரொம்ப அவசியம்.

மரம் என்ன சொல்கிறது?

இதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது. "பச்சை மரத்துல பூ வெட்டினா, காஞ்சதும் வாயைப் பொளந்துடும்டா" என்பார் அப்பா. நார் ஓடும் திசையைப் பார்த்து, கணுவை ஒதுக்கி, பலகையை எப்படி வைப்பது என்று அவர் சொன்ன பிறகே நான் கிளாம்ப் போடுகிறேன்.

இன்னொரு விஷயம். பிட் உருண்டை. ஒரு நூல் பிட் வெட்டும் உள்மூலை எப்போதும் அரை நூல் வளைவாகவே நிற்கும். நாங்கள் எடுத்த முதல் வேலை, பூஜையறைக் கதவில் மணி தொங்கவிடும் சதுரத் துளைகள். துளையை இயந்திரம் வெட்டியது. நான்கு மூலையையும் உளியால் சதுரமாக்கியது அப்பா. சதுர மூலை வேண்டுமென்றால் உளி வேண்டும். இந்த இயந்திரம் தச்சரைத் தள்ளிவிட வந்தது அல்ல, தச்சர் வீட்டிலேயே இருக்க வேண்டியது என்று அன்று எனக்குப் பட்டது.

அதே நேரம் ஒரு நேர்மையும் வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கைக்குக் கிடைத்த மரியாதை. இயந்திரம் வெட்டியதைக் கைவேலை என்று சொல்லி விற்காதீர்கள்.

பாதுகாப்பு

கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அறிவித்துவிட்டது. கையுறை, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை ஆகாது. ஓடும் இயந்திரத்தை விட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கருகும் தூள் தீப்பிடிக்கும்.

முடிவுரை

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் உளியோ, கொல்லுலையோ, தறியோ இருக்கிறது. படித்ததும் அதை விட்டு ஓடுவதுதான் முன்னேற்றம் என்று நினைக்கிறோம். நாம் படித்த கணக்கை அந்தத் திண்ணைக்கே கொண்டுபோனால் என்ன? பங்கு போட வசதியில்லாத மாணவர்களுக்காக நம் சங்கம் ஒரு 3018 வாங்கி வைக்க வேண்டும் என்று இந்த மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லிக் கொடுக்க நானும் என் நண்பர்களும் சனிக்கிழமைதோறும் வரத் தயார்.

— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு