இருபது மில்லிகிராம் யாருக்குப் போதும்?

வங்கியில் இருந்தபோது, கடன் கேட்பவர் சொல்லும் நில மதிப்பை நாங்கள் அப்படியே எழுதிக்கொள்ள மாட்டோம். மதிப்பிட்டவர் யார், அவருக்குக் கூலி கொடுத்தவர் யார், எதற்காக மதிப்பிட்டார்னு கேட்போம். ஓய்வுக்குப் பிறகு மலையில் பூண்டும் வாழையும் வைத்திருக்கிறேன். அரசு சொல்லும் அறிவியல் எண்களையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை நமக்கெல்லாம் தெரிந்த கதை. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். இந்துஸ்தான் லீவர் ஆலையை மூடியது. 2003-ல் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. கெட்டுப்போன மண் இங்கேயே தங்கிவிட்டது. சுத்தம் செய்த பிறகு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புக்கொண்டது. ஊர் அமைப்புகள் அதை எதிர்த்தன.

20 மில்லிகிராம் சின்ன எண்தானே? கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் அரையடி மேல்மண் சுமார் 9 லட்சம் கிலோ. அப்படின்னா ஏக்கருக்கு 18 கிலோ பாதரசம். தெர்மாமீட்டருக்கு ஒரு கிராம்னு வைத்தாலும் 18,000 தெர்மாமீட்டர்!

இனி மூன்று கேள்விகள்.

முதலாவது, எந்தப் பாதரசம்? பிரிட்டன் 2009-ல் குடியிருப்பு மண்ணுக்கு வகுத்த வழிகாட்டு அளவில், தனிமப் பாதரசத்துக்கு 1 மில்லிகிராம். உப்பாக மாறிய கனிமப் பாதரசத்துக்கு 170. வகையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் இரண்டு தரப்பும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நாமும் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது.

இரண்டாவது, யாருக்கான அளவு? ஆலை பாம்பார் சோலை ஓரத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும். அது மீனில் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் 1956-ல் தெரியவந்த மினமாட்டா நோய் மெத்தில் பாதரசம் சேர்ந்த மீனைச் சாப்பிட்டதால் வந்ததுதான். வீட்டு மனைக்குச் சரியான அளவு ஓடைக்கும் சரியாக இருக்கணும்னு இல்லை.

மூன்றாவது, அளந்தது யார்? 2001-ல் ஆய்வு செய்தது நிறுவனமே அமர்த்திய ஆலோசகர். அதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் அது மட்டும் போதாது. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகம் கொடைக்கானல் பாசி, ஏரித் தண்ணீர், மீன் வரை சோதித்து முடிவுகளை வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஆலையோ குவாரியோ வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முழு ஆய்வறிக்கையைக் கேளுங்கள். சுருக்கம் வேண்டாம். மாதிரி எடுத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் பாருங்கள். கீழே பாசனம் செய்பவர்களையும் அழைத்து, சங்கக் கூட்டத்தில் எல்லோருமாகப் படியுங்கள். மண்ணில் சேர்ந்த பாதரசம் மட்கிப் போகாது. நம் பேரப் பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.