பெல்லுக்கு முன்னும் பின்னும்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது பிள்ளைக்கு ஆபத்து வருவது குறைவு. பெல் அடிப்பதற்கு முன்பும் அடித்த பிறகும்தான் கவனமாக இருக்க வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து நான் கண்டுகொண்டது இதுதான். கால அட்டவணை சுவரில் தொங்கும். அதில் இல்லாத நேரத்துக்கு யார் பொறுப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. நல்ல திட்டம். ஆனால் பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். சமைக்கிற மகளிர் குழு அக்காக்களையே பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. நாங்கள் இருவரும் வாரம் மாற்றிச் சீக்கிரம் வருகிறோம்; கூடவே அம்மாக்களில் ஒருவர் நிற்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள், இதற்கும் கூப்பிடுங்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகளைப் பறித்த தீ, சமையல் கூடத்தில் கிளம்பிக் கூரைக்குத் தாவியதுதான். ஓலைக் கூரைகள் போய்விட்டன. கொதிக்கும் சாம்பார் இன்றும் இருக்கிறது. எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் வரிசை சமையலறைப் பக்கமே போகாது. வாளியில் மாற்றி ஆறவைத்த சாம்பார்தான் வரிசைக்கு வரும்.

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து ஒரு சின்னக் குழந்தை இறந்த செய்தி வந்த பிறகு, திங்கட்கிழமை காலையில் ஒரு சுற்று நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தொட்டி மூடி, சுவிட்ச் பெட்டி, மழையில் ஊறிய சுவர், முறிந்து தொங்கும் கிளை எல்லாவற்றையும் பார்ப்பேன். நின்று பார்த்தால் பாதிதான் தெரியும், குந்திப் பாருங்கள். அப்படிப் பார்த்ததில்தான் கழிப்பறைத் தாழ்ப்பாள் கண்ணில் பட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எம்பித் தள்ளிப் பூட்டிவிடும், திறக்க வராது. கழற்றிவிட்டோம். இப்போது ஜோடியாகப் போகிறார்கள். ஒருவர் வெளியே காவல்.

சாயங்காலம் இன்னொரு சிக்கல். யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்பிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். யாரெல்லாம் அழைத்துப் போகலாம் என்று அம்மாவிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். புது ஆள் வந்தால் போன் போடுவேன். “நான் சித்தப்பா டீச்சர், என்னையே சந்தேகப்படுறீங்களா?” என்று ஒருவர் எகிறினார். “சந்தேகம் இல்லீங்க, எல்லாருக்கும் இதே வழக்கந்தான்” என்றேன். ஊராட்சித் தலைவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே விதி என்று தெரிந்ததும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

போனில் பிடிபடாத விஷயமும் உண்டு. வீட்டுக்குப் போக மனமில்லாமல் பையை மெதுவாக அடுக்கும் பிள்ளை, சாப்பாட்டைத் திடீரென்று வெறுக்கும் பிள்ளை, விளையாட்டிலிருந்து விலகி நம் மேசையோரம் வந்து நிற்கும் பிள்ளை. உடனே எதையும் முடிவுகட்ட வேண்டாம்; பக்கத்தில் உட்காரவைத்து வேறு எதையாவது பேசினால் போதும். அது சொல்லத் தொடங்கினால், “அவனா செஞ்சான்?” என்று வாயில் பதிலை ஊட்டாமல், “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். இன்னொரு டீச்சரைக் கூப்பிட்டு, “இவங்ககிட்டயும் சொல்லும்மா” என்பது கொடுமை.

விசாரிப்பது நம் வேலை இல்லை, தெரிவிப்பதுதான் வேலை. பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டம். மறைத்தால் நமக்கும் தண்டனை. பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் “பேசி முடிச்சிக்கலாம்” என்று வருவார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை, என்னிடமும் இல்லை. என்ன செய்வதென்று குழம்பினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள். இரவிலும் எடுப்பார்கள், காசு கிடையாது. அந்த எண்ணை அலுவலக அறையில் ஒட்டிப் பயனில்லை. வகுப்பில், பிள்ளையின் கண் உயரத்தில் எழுதியிருக்கிறோம்.

இது எதுவுமே பிரம்பு இருக்கும் வகுப்பில் நடக்காது. அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடுத்துவிட்டது. ஆனாலும் “கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சிடுங்க டீச்சர்” என்று பெற்றோரே உரிமை தருவார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவேன். அடிக்குப் பயந்த பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாததையே நம்மிடம் சொல்லாது, மற்றதை எப்படிச் சொல்லும்?

இன்னொன்று, வராத பிள்ளையின் வீட்டுக்குப் பத்து மணிக்குள் போன் போய்விட வேண்டும். வீட்டில் கிளம்பியது, இங்கே வந்து சேரவில்லை என்பது சாயங்காலம் தெரிந்து என்ன பயன்? பல வீடுகளில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அதனால் பக்கத்து வீட்டு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிம் அடிக்கடி மாறும்; ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் ஒரு தடவை சரிபாருங்கள்.