பாறைமீனும் அதன் பாட்டிமாரும்

மீன் முட்டையிடும் என்றே நாம் கீழ் வகுப்புகளில் படித்தோம். ஆனால் குட்டி ஈனும் மீன்களும் உண்டு. சுறாவில் சில இனங்கள் அப்படிப்பட்டவை என்பதைக் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் தோழியர் நன்கு அறிவர். அத்தகைய வேறொரு மீனைப் பற்றியே இக்கட்டுரை. அதன் பெயர் கறுப்புப் பாறைமீன். விலங்கியலார் அதற்கு இட்ட பெயர் செபாஸ்டஸ் மெலனாப்ஸ்.

இது நம் கடலில் இல்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலாஸ்காவின் அலூசியன் தீவுகளிலிருந்து தெற்கே கலிபோர்னியா வரை, பசிபிக் பெருங்கடலின் குளிர்ந்த நீரில் வாழ்கிறது. நம் சந்தைக்கு வரும் களவாயும் பாறை இடுக்கில் வாழ்வதே. ஆயினும் அது வேறு குடும்பம். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளில் அசையாமல் கிடக்குமே தேள்மீன், அதுதான் இதற்கு உறவு. தேள்மீன் அளவுக்கு நஞ்சு இல்லாவிட்டாலும், பாறைமீனின் முதுகு முள் குத்தினால் கடுக்கும்.

கருமையும் சாம்பலும் கலந்த உடல், வெளிறிய வயிறு, அகன்ற வாய். 60 செ.மீ. வரை வளரும். இதன் இனத்தார் பலர் கடலடிப் பாறையோடு ஒட்டிக் கிடக்க, இது மட்டும் பாறைக்கு மேலே, காடுபோல் வளர்ந்து நிற்கும் கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிகளின் ஊடே கூட்டமாக நீந்தும். சிறு மீன்களும் இறால் வகைகளும் இதன் உணவு.

இலையுதிர் காலத்தில் இணை சேரும் பெண்மீன், ஆண் அணுக்களை உடனே பயன்படுத்துவதில்லை. சில மாதம் தன் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்துப் பின்னரே முட்டைகளைக் கருவுறச் செய்கிறது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் இலட்சக்கணக்கான குஞ்சுகளை ஈனுகிறது. அரை செ.மீ. அளவேயுள்ள அக்குஞ்சுகள் மாதக்கணக்கில் கடலில் மிதந்து திரியும். கரையோரம் வந்து சேர்பவை மிகச் சிலவே.

இதன் வயதை எப்படி அறிவது? கத்தாளை மீன் அரியும்போது தலைக்குள் வெண்ணிறக் கல் இரண்டு அகப்படும். சிறு வயதில் நான் அவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன்! அவை செவிக்கற்கள். பாறைமீனின் செவிக்கல்லில், மரத்தின் தண்டில் காண்பதுபோல, ஆண்டுக்கொரு வளையம் இருக்கும். அதை எண்ணிப் பார்த்ததில், கறுப்புப் பாறைமீன் சுமார் 50 ஆண்டு வாழும் என்று தெரிந்தது. மஞ்சள் கண்ணுடைய அதன் உறவினம் ஒன்று நூறு ஆண்டையும் தாண்டுகிறது. பெண்மீன் தாயாவதற்கே ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும்.

2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மீன்வளத் துறையினரைச் சிந்திக்க வைத்தது. வயது முதிர்ந்த தாய்மீன் தன் குஞ்சுக்குப் பெரிய எண்ணெய்த் துளி ஒன்றைக் கொடுத்தனுப்புகிறது. அதுவே குஞ்சின் கட்டுச்சோறு. மிக மூத்த தாய்களின் குஞ்சுகள், மிக இளைய தாய்களின் குஞ்சுகளைவிட மூன்று மடங்குக்கு மேல் விரைவாக வளர்ந்தன. இரை கிடைக்காதபோது இரண்டு மடங்குக்கு மேல் தாக்குப்பிடித்தன. சிறியதை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடி என்பது மீன்பிடிப்போரின் பழைய வழக்கம். இங்கோ பெரியதைப் பிடித்தால், சிறந்த குஞ்சுகளை ஈனும் பாட்டிமாரை அல்லவா இழக்கிறோம்!

அப்படியானால் பெரியதைத் தண்ணீரில் விட்டுவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு தொல்லை. பாறைமீனின் காற்றுப்பைக்கு வெளியே திறக்கும் குழாய் இல்லை. ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுத்தால் நீரின் அழுத்தம் குறைந்து, பையிலுள்ள காற்று விரியும். கண்கள் பிதுங்கும்; வயிறு வாய்வழியே வெளியே தள்ளும். அந்நிலையில் விடப்பட்ட மீனால் மூழ்க முடியாது. மேற்பரப்பிலேயே மிதந்து கடற்பறவைக்கு இரையாகும்.

இதற்கு வழி எளியது. எடை கட்டிய கயிற்றின் கவ்வியில் மீனைப் பிடிப்பித்து, மீண்டும் ஆழத்தில் இறக்குகிறார்கள். 2020 முதல், அலாஸ்கா கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் படகுகள் இத்தகைய கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இறங்க இறங்க அழுத்தம் கூடிக் காற்று சுருங்குகிறது. பிதுங்கிய கண்ணும் உள்ளே போகிறது. உரிய ஆழத்தில் கவ்வி விட்டதும், மீன் ஓரிரு முறை வாலை அசைத்துப் பாறைப் பக்கமாக நீந்திப் போய்விடுகிறது.