அலமாரிக்கு வெளியே

நுழையும்முன்

ஓர் ஆய்வாளர் உழைத்துக் கண்ட முடிவு அடுத்து வருவோரின் கைக்கு எட்டினால்தான் அதன்மேல் மற்றோர் ஆய்வு எழும். ஆய்வேடுகள் நூலக அலமாரியிலிருந்து எண்மக் களஞ்சியத்திற்கு வந்த வழியையும், அவ்வழியில் இன்னும் தீராதிருக்கும் சிக்கல்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முனைவர் பட்டத்திற்காக ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார். கல்வெட்டுகளைப் படியெடுக்கிறார், ஊர் ஊராகச் சென்று தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்கிறார். தட்டச்சுப்பொறிக் காலத்தில் இவ்வுழைப்பு முழுவதும் சில படிகளாக மட்டுமே உருப்பெற்றது. நெல்லையில் பயிலும் மாணவர் ஒருவருக்கு அண்ணாமலைநகரில் உள்ள ஆய்வேடு தேவையெனில், அவர் தொடர்வண்டி ஏறிச் சென்று, அனுமதி பெற்று, நூலகத்திற்குள் அமர்ந்தே குறிப்பெடுக்க வேண்டும். அத்தகைய ஆய்வேடு இருப்பதையே அறியாமல் அதே பொருளில் மீண்டும் உழைப்போரின் ஆண்டுகளை யார் திருப்பித் தருவர்?

நூல் இருந்தால் போதாது, தேடுபவருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதைத் தம் தொழிலின் அடிப்படையாகக் கொண்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டனில் நூலகவியல் பயின்றபோது, கடையொன்றில் சிறு துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரு நூலின் பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்துக் குறியீடுகளால் இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அதன் விளைவாகும். கணினி இல்லாத காலத்தில் தேடலுக்கு இலக்கணம் வகுத்த பணி அது.

ஆய்வேடுகள் அலமாரியை விட்டு வெளிவரப் பின்னும் பல்லாண்டுகள் ஆயின. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறை, ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கியது. அவ்வாறு திரளும் ஆய்வேடுகளைக் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தில் பேணுகிறது. ‘சோத்’ என்பது ஆய்வைக் குறிக்கும். இங்கு ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஆய்வாளர், நெறியாளர், துறை, ஆண்டு ஆகிய விவரங்கள் பதியப்படுகின்றன. நிலையானதோர் அடையாள எண்ணும் வழங்கப்படுகிறது. வலைத்தளத்தின் முகவரி பின்னாளில் மாறினாலும் அவ்வெண்ணைக் கொண்டு ஆய்வேட்டை அடையலாம். இன்று நெல்லை மாணவர் தம் விடுதி அறையிலிருந்தே அதனைப் படிக்க முடியும்.

பொதுவில் வைத்தால் பிறர் திருடிக்கொள்வர் என்னும் அச்சம் ஆய்வாளரிடையே உண்டு. ஆனால், திருட்டுக்கு ஏற்ற இடம் இருட்டுதான். ஒருவரும் திறவாத அலமாரியிலிருந்து எடுத்தாண்ட பத்தியைக் கண்டுபிடிப்பது அரிது. எல்லோர் கண்ணிலும் படும் ஏட்டிலிருந்து எடுத்தது விரைவில் வெளிப்பட்டுவிடும். இயற்பியலாளர்கள் இதனை முன்னரே உணர்ந்தனர். 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ களஞ்சியத்தில், இதழில் வெளிவருமுன்னரே தம் கட்டுரைகளை அவர்கள் பதிந்து வருகின்றனர். யார் முதலில் கண்டறிந்தார் என்பதற்கு அப்பதிவின் நாளே சான்று.

தமிழ் ஆய்வேடுகளுக்கோ தனிச் சிக்கல் ஒன்று உள்ளது. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வொருவரும் வெவ்வேறு எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ச் சொற்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தாள்களை ஒளிவருடிப் படமாக ஏற்றியவையும் உள்ளன. கண்ணுக்குப் படிக்கக் கிடைப்பவை, தேடுபொறிக்கு வெறும் படங்களே. தலைப்பை உரோமன் எழுத்தில் பதியும்போது ‘ழ’கரம் ஒருவர் கையில் ஒருவிதமாகவும் மற்றவர் கையில் வேறுவிதமாகவும் ஆகிறது. ஆய்வேடு களஞ்சியத்தில் இருந்தும், சொல்லிட்டுத் தேடுபவருக்கு அது ‘இல்லை’ என்றே விடை வரலாம். இக்குறையைக் களையத் தமிழறிந்த நூலகர்கள் அமர்ந்து விவரங்களைச் செப்பம் செய்வதைத் தவிரக் குறுக்குவழி இல்லை.

ஏற்றிவிட்டால் காப்பாற்றியாயிற்று என்பதும் இல்லை. ஓலைச்சுவடி, பூச்சிக்கும் ஈரத்திற்கும் இரையாகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதப்பட்டதால்தான் பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தன. பல இடங்களிலிருந்து திரட்டிய படிகளை ஒப்பிட்டே உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் மீளவே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மப்படுத்தி எவரும் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளது.

எண்மப் படிக்கும் பெயர்த்தெழுதுவோர் வேண்டும். ஆய்வேட்டின் பின்னட்டையில் ஒட்டிய உறைக்குள் குறுந்தகடு வைத்து அளித்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அதனை இடும் வாயிலே இல்லை. வாயில் உள்ள பழைய கணினி பழுதாகுமுன், உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றிலுள்ள கோப்புகளை வழங்கிக்கு மாற்றும் பணி நூலகர்களுக்குக் காத்திருக்கிறது.