லிட்டரைக் கிலோவாக்க எந்த வழி?

ஜெனரேட்டரோடு வரும் டேட்டா ஷீட்டில் டீசல் செலவு பெரும்பாலும் கிராமில்தான் இருக்கும். ஒரு கிலோவாட் மணிக்கு இத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். ஆலையில் மாட்டியிருக்கும் ஃப்ளோ மீட்டரோ மணிக்கு இத்தனை லிட்டர் என்கிறது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல், இன்ஜின் அதிகம் குடிக்கிறது என்று சர்வீஸ்காரரிடம் வாதாட முடியாது. கம்பெனிக்காரர்கள் கிராமில் கணக்கு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சூடேறினால் டீசல் விரிந்து லிட்டர் கூடும், எடை கூடாது. எரிந்து கிடைக்கும் வெப்பமும் எடையைத்தான் பின்பற்றும், கிலோவுக்கு ஏறக்குறைய 43 மெகாஜூல்.

கணக்கு ஒரே பெருக்கல். லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ. அந்த அடர்த்தியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

சுலபமான வழி, 0.83 என்று ஓர் எண்ணை நோட்டில் எழுதிவைத்து எல்லாவற்றையும் அதனால் பெருக்குவது. இந்த மாதச் செலவைப் போன மாதத்தோடு ஒப்பிட இது போதும், தவறு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். ஆனால் 0.83 என்பது 15 டிகிரி செல்சியஸில் உள்ள அடர்த்தி. பங்க்கில் எழுதிப் போட்டிருக்கும் அடர்த்தியும் அந்த 15 டிகிரிக்கு உரியதுதான். நம் ஊர் ஜெனரேட்டர் அறையில் டீசல் 35 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு 0.816 கிலோதான் தேறும். எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அலகையும் எழுதிவையுங்கள். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று எரிபொருள் தீர்ந்து, என்ஜின் நின்று, கிம்லி என்ற இடத்தில் மிதந்து இறங்கியது. லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்கவேண்டிய இடத்தில், லிட்டருக்கு 1.77 பவுண்டு என்ற எண்ணைப் போட்டு விடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும். கண்ணாடி ஜாடியில் டீசல் பிடித்து, குமிழி அடங்கியபின் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கவேண்டும். பிறகு மீட்டர் இருக்கும் இடத்தில் குழாயின் சூட்டைப் பார்த்து அடர்த்தியைத் திருத்தவேண்டும். அட்டவணை கையில் இல்லாவிட்டால் ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு டிகிரி கூடினால் டீசலின் அடர்த்தியில் 0.0007 குறையும். மாதாந்திரக் கணக்குக்கும் ஸ்டாக் சரிபார்ப்புக்கும் நான் இதைத்தான் சொல்வேன். செலவு சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த வழி தடுமாறும் இடம் ரிட்டர்ன் லைன். டீசல் இன்ஜின் தனக்கு வேண்டியதைவிட அதிகமாக இழுத்து, மிச்சத்தைச் சூடாகத் திருப்பி அனுப்பும். போகும் குழாயில் ஒரு மீட்டர், வரும் குழாயில் ஒரு மீட்டர் மாட்டி, கழித்துப் பார்ப்பது வழக்கம். போகிறது மணிக்கு 120 லிட்டர், 35 டிகிரி. திரும்புகிறது 80 லிட்டர், 60 டிகிரி என்று வையுங்கள். நேரே கழித்தால் 40 லிட்டர், 0.816ஆல் பெருக்கினால் 32.6 கிலோ. ஆனால் திரும்பும் டீசலின் அடர்த்தி 0.7985தான். தனித்தனியே பெருக்கினால் போனது 97.9 கிலோ, வந்தது 63.9 கிலோ, எரிந்தது 34 கிலோ. வித்தியாசம் 4 சதவீதம், அதுவும் இன்ஜினுக்குச் சாதகமாக. அந்த ஒரு மணியில் 150 யூனிட் ஓடியிருந்தால், யூனிட்டுக்கு 227 கிராம் என்பது 218 ஆகத் தெரியும். சூட்டைத் திருத்தினாலும் இன்னொரு தலைவலி நிற்கும். ஒவ்வொரு மீட்டரும் அரை சதவீதம் மட்டுமே தவறினாலும், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால், கழித்து வரும் 34 கிலோவில் 0.8 கிலோ சந்தேகத்துக்கு உரியது.

அதனால் இன்ஜின் டெஸ்ட்டுக்கு மீட்டரே வேண்டாம், தராசு போதும் என்பது என் கட்சி. பிளாட்ஃபார்ம் தராசின் மேல் பேரலை வையுங்கள். டீசல் அதிலிருந்தே போகட்டும், ரிட்டர்னும் அதற்குள்ளேயே விழட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் எடையையும் யூனிட் மீட்டரையும் ஒரே நொடியில் குறியுங்கள். பேரல் சூடானாலும் கவலையில்லை, எடை மாறாது. 100 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு மணி ஓட்டினால் தவறு அரை சதவீதத்துக்குள் அடங்கும். ஓஸ் பேரல் மேல் படாமல் தொங்கவேண்டும், பட்டால் அதன் இழுப்பும் எடையில் சேரும். விடையை டேட்டா ஷீட்டோடு ஒப்பிடும்போது ஒன்று கவனிக்கவேண்டும். அங்கே உள்ளது பெரும்பாலும் இன்ஜின் ஷாஃப்டுக்கான கணக்கு, நம் யூனிட் ஆல்டர்னேட்டர் இழப்பும் போக மிஞ்சியது. 210 கிராம் என்று அவர்கள் சொன்னால், 93 சதவீதத் திறனுள்ள ஆல்டர்னேட்டரில் அது 226 ஆகிவிடும். சண்டை பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

தினமும், ஆள் நிற்காமல், எடை தெரியவேண்டுமானால் கொரியாலிஸ் மீட்டர். அதிர்ந்துகொண்டிருக்கும் குழாய் வழியே எண்ணெய் ஓடும்போது குழாய் லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு எடை ஓட்டத்துக்கு நேர்விகிதம். அடர்த்தி, சூடு எதையும் நாம் கொடுக்கவேண்டாம். விலை மட்டும் லட்சக் கணக்கில் பேசும். ஒரே ஜெனரேட்டருக்கு இது வீண்செலவு. எண்ணெய் கைமாறும் இடத்தில்தான் இதன் மதிப்பு தெரியும். கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும்போது காற்றைக் கலந்து நுரைக்கவைத்தால் டேங்கில் மட்டம் உயர்ந்து நிற்கும், லிட்டர் அதிகமாகத் தெரியும். கப்பல்காரர்கள் இதைக் கப்புச்சினோ என்பார்கள். சிங்கப்பூர் துறைமுகம் 2017 ஜனவரி முதல் கப்பல் எண்ணெய் விநியோகத்துக்கு இவ்வகை மீட்டரைக் கட்டாயமாக்கியது. காற்று மிகுந்தால் இந்த மீட்டரும் தடுமாறும், ஆனால் அடர்த்தி சரிவதைப் பதிவில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன முதல் வழி கூடவே கூடாது. பர்னருக்கு முன் எண்ணெயை 100 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். 15 டிகிரியில் 0.96 ஆக இருந்த அடர்த்தி அங்கே ஏறக்குறைய 0.90. ஹீட்டருக்குப் பின்னால் மீட்டரை மாட்டி 0.96ஆல் பெருக்கினால், எரிக்காத எண்ணெய் 6 சதவீதம் கணக்கில் ஏறும். மீட்டரை மாற்றக் காசில்லை என்றால், அதன் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டராவது பொருத்துங்கள்.